விஷப் பெட்டியில் அறுபத்து நான்கு விதைகள்

ஜெர்மனியில் ஒரே ரயில் இரண்டு ஊர்களுக்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வழியில் ஒரு ஜங்ஷனில் நின்று, முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். நம் ஊரிலும் பெட்டியைக் கழற்றி மாட்டுவார்கள். ஆனால் அதற்குள் இரும்பைத் தட்டுவார்கள், கொடியை ஆட்டுவார்கள், டீக்காரர் நான்கு முறை வந்துபோவார், விவரம் தெரிந்த மாமா ஒருவர் எல்லோரையும் எழுப்பி எச்சரித்துவிடுவார். இங்கே ஒரு குலுக்கல்கூட இல்லை. நான் சேர வேண்டிய பல்கலைக்கழக ஊர் முன்பாதியோடு போய்விட்டது. நான் பின்பாதியில், எதிரே இருந்த துருக்கித் தொழிலாளி கொடுத்த ஆலிவ் காய்களைத் தின்றுகொண்டு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தேன்.

டிக்கெட் பரிசோதகர் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் ரயில் சரியான நேரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள்தான் அதில் இல்லை" என்றார் நிதானமான ஆங்கிலத்தில்.

மடியில் என் கட்டு இருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே, தாளில் ஒட்டிய உலர்ந்த செடிகள். விமானத்திலும் அதை மடியை விட்டு இறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ சாமி படம் என்று நினைத்திருப்பார்.

நான் நாகர்கோவில்காரி. வேலை ராஜஸ்தானத்தில், பாலைவனத்தின் ஓரத்தில். பாலைவனம் என்றால் மணல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மணலுக்கு நடுவே மலைகளும் உண்டு. சூடேறிய வெறும் பாறை, தூரத்தில் நின்று பார்த்தால் புல்கூட இருக்காது என்று தோன்றும். ஏறிப் பார்த்தால் இடுக்குக்கு இடுக்கு ஒன்று ஒளிந்திருக்கும். குங்கிலியம், கள்ளி, கொழிஞ்சி, பெயர் தெரியாத புல் பூண்டு என்று நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். அப்படி ஒரு மலையில் நான் ஒரு சிறு புதரைக் கண்டுபிடித்தேன். அவுரிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். அந்த மலையில் ஏழு புதர்கள். சுற்றியிருக்கிற வேறு எந்த மலையிலும் ஒன்றுகூட இல்லை. ஏழும் கிழடுகள். கன்று என்று ஒன்று கிடையாது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று முறை விதைத்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. போன வருடம் மழை நன்றாகப் பெய்ததால் இந்தக் கோடையில் புதர்கள் காய்த்தன. நான் போக வேண்டிய ஜெர்மன் ஊரின் பேராசிரியர், தன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் பாலைவனச் செடிகளை முளைக்க வைக்கக் கைதேர்ந்த ஒரு பெண் இருப்பதாகவும், விதையோடு வரும்படியும் எழுதினார். மூன்று புதர்களிலிருந்து அறுபத்து நான்கு விதைகளைப் பொறுக்கிக்கொண்டு மே மாதக் கடைசியில் கிளம்பினேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. இவையும் முளைக்காவிட்டால், ஏழு கிழடுகளும் ஒவ்வொன்றாகப் போகிறதைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் என் மிச்ச வேலை.

மத்தியானம் சேர வேண்டியவள் மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பேராசிரியர் மாணவர்களோடு மலையேறப் போய்விட்டார், அடுத்த வாரம்தான் வருவாராம். ஸ்டேஷனில் எனக்காக நாலு மணி நேரம் நின்றவர் யூனுஸ். ஆம்பூர்க்காரர், இங்கே தோல் பதனிடும் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறார். ஊரில் இருக்கும் ஒரே தமிழர் என்பதால் பேராசிரியர் இவரைப் பிடித்து என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

"டிரெயின் வந்துச்சு, நீங்க வரல. அடுத்ததும் வந்துச்சு, அப்பவும் வரல. சரி, இந்தியன் டைம்னு நின்னுட்டேங்க்கா" என்றார்.

"பாதி ரயில்ல உக்காந்துட்டேன் தம்பி" என்றேன்.

நேராக ஹெர்பேரியத்துக்குப் போனோம். உலர்ந்த செடித் தாள்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. வாசலில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஹெர் லோமன் நின்றார். அங்கே ஹெர் என்றால் திரு, ஃபிராவ் என்றால் திருமதி, ஃபிராய்லைன் என்றால் செல்வி. அங்கே வரும் போகும் தாளுக்கெல்லாம் அவர்தான் காவல். வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டும் முதலில் விஷவாயுப் பெட்டிக்குள் போய் மூன்று நாள் இருக்க வேண்டும், அப்புறம்தான் கதவைத் தாண்டலாம் என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு வண்டு உள்ளே நுழைந்தால் நூறு வருடச் சேகரத்தைப் பொடியாக்கிவிடும். ஊரில் நானும் இதே சட்டத்தைச் சொல்லி எத்தனையோ பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். கட்டை அவர் கையில் கொடுத்தேன். மடி லேசானது. பசி தெரிந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பன்றி இல்லாத தட்டு எது என்று யூனுஸ் பரிமாறுகிற அம்மாவைப் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். குழம்பில் இருக்கிறதா, கொழுப்பில் இருக்கிறதா, நேற்று அதே சட்டியில் இருந்ததா. கடைசியில் காளான் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு உருண்டைகள் வந்தன. கொழுக்கட்டை என்று நினைத்துக் கடித்தால் உள்ளே பூரணம் இல்லை. நான் பருப்புப் பொடி டப்பாவைத் திறந்தேன். யூனுஸ் அதை மோந்து பார்த்துவிட்டுத் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அக்கா, அந்த விதைங்க எங்க? சூட்கேஸ்லயா?" என்று அப்புறம் கேட்டார்.

"சூட்கேஸ்லயா வைப்பாங்க? தாள்லயே மூலையில ஒரு உறை ஒட்டி, அதுக்குள்ள பத்திரமா..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினேன்.

செடியிலிருந்து உதிர்கிற பூ, காய், விதையைத் தாளின் மூலையில் சின்னக் காகித உறை ஒட்டி அதற்குள் போடுவது எங்கள் தொழில் பழக்கம். எதையும் தொலைக்காமல் வைக்க அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது. பதினைந்து வருடக் கைப்பழக்கத்தில் உயிருள்ள விதையையும் செத்த செடியோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். பிறகு என் கையாலேயே விஷத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஓடினோம். ஹெர் லோமன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். யூனுஸ் மூச்சு வாங்க ஜெர்மனில் சொன்னார். லோமன் என் பக்கம் திரும்பினார்.

"வாயு செலுத்தியாகிவிட்டது. இப்போது திறந்தால் நாம் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். திங்கள் காலை எட்டு மணி. உறையின் மேல் உயிர் விதை என்று எழுதியிருந்ததா, ஃபிராய்லைன் டாக்டர்?"

"இல்லை."

"எழுதாததை நான் எப்படிப் படிப்பேன்?"

நானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் காரமாக.

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கியிருந்த அறையில் காலை உணவாகக் கருப்பு ரொட்டியும், தாள் கனத்துக்குச் சீவிய பாலாடைக்கட்டியும் வைத்தார்கள். எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனதில் காப்பி ஆறிப்போயிற்று. ஹெர்பேரியத்தின் பூட்டிய கதவுவரை மூன்று முறை போய்வந்தேன். மூன்றாவது தடவை, எதிர் வீட்டு ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றியிருந்த அம்மா எனக்குத் தலையசைத்தார். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஊரடங்கு என்றாலும் ஒரு பெட்டிக்கடையாவது பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை யூனுஸ் என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப் போனார். "ரூம்ல இருந்தீங்கன்னா பூட்டை ஒடைச்சிடுவீங்க போலிருக்கு. கொஞ்சம் வாக்கிங் போயிட்டு வரலாம்." ஜெர்மன்காரர்களுக்கு நடப்பது ஒரு வேலை. கோட்டு, தொப்பி, கைத்தடி சகிதம், குடும்பத்தோடு, எங்கேயும் போகாமல் நடக்கிறார்கள். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நானும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

சுண்ணாம்புக் கல் சரிவு ஒன்று வந்தது. முள்ளுமுள்ளாய்ச் சிறு மரங்கள், நடுவில் குட்டைப் புல், புல்லுக்குள் நான் படத்தில் மட்டும் பார்த்த பூக்கள். இது பாதுகாக்கப்பட்ட இடம், பூப்பறிக்கக் கூடாது என்று பச்சைப் பலகை ஒன்று சொன்னது. அந்தப் பலகைக்குப் பின்னாலேயே ஒரு செம்மறி மந்தை ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"இது என்ன கூத்து? பலகையும் வச்சு ஆட்டையும் விட்டிருக்கு?"

யூனுஸ் போய் மேய்ப்பரிடம் கேட்டுவிட்டு வந்தார். "அரசாங்கமே அவரைக் கூப்பிட்டு மேய்க்கச் சொல்லியிருக்குதாம். ஆடு வரலன்னா புதர் மண்டிப் பூவெல்லாம் போயிடுமாம்."

"மழை பெய்ற ஊர்ல என்ன வேணும்னாலும் பேசலாம்" என்றேன்.

திங்கள் காலை ஏழரைக்கே கதவடியில் நின்றோம். லோமன் பெட்டியைத் திறந்து காற்றாடவிட்டார். அழுகின முள்ளங்கி நாற்றம். தாள்கள் எல்லாம் அழகாக இருந்தன. ஒரு வண்டுகூடப் பிழைத்திருக்காது என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு உறையை அவரே இடுக்கியால் பிரித்து, விதைகளை எண்ணி, வேறு உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் 'உயிர்' என்று எழுதிக் கொடுத்தார்.

தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில், பேராசிரியர் எழுதியிருந்த அந்தக் கைதேர்ந்த பெண் ஃபிராவ் வெபர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், அகலமான கை, உதட்டில் சிகரெட். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. ஒரு விதையை எடுத்து, நான் தடுப்பதற்குள் பிளேடால் இரண்டாக வெட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"உயிர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"வெள்ளையாக இருக்கிறது. அதற்கு மேல் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது."

மிச்சம் அறுபத்து மூன்றையும் தண்ணீரில் ஊறப் போட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்றுகூட ஊறி உப்பவில்லை. கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தன. ஃபிராவ் வெபர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. யூனுஸ் மொழிபெயர்த்தார்.

"தோல் தண்ணியையே உள்ளே விடலியாம். அப்ப கேஸையும் விட்டிருக்காதுன்னு சொல்றாங்க. அந்தத் தோலை உங்க மலையில யார் கிழிக்கிறாங்கன்னு கேக்குறாங்க."

மழை என்றேன். ராத்திரி முழுக்க ஊறியும் தண்ணீருக்கு அசையவில்லையே என்றார். வெயில் என்றேன். வெயிலில்தானே இத்தனை நாள் கிடந்தது என்றார். காயை எது தின்கிறது என்று கேட்டார்.

"எதுவும் தின்னாது. ஆடு தின்னும். அதனால்தான் மலையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறோம். நான்தான் எழுதிப் போட வைத்தேன்."

"எப்போது?"

"மூன்று வருடம் முன்னால்."

"அதற்குப் பிறகு கன்று பார்த்தீர்களா?"

வேலிக்கு முன்னால் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். முதல் வருடக் குறிப்பில், ஆடு கடித்துப் பட்டுப்போன இரண்டு கன்றுகள் என்று எழுதியது ஞாபகம் வந்தது. அந்தக் குறிப்பைக் காட்டித்தான் வேலியே வாங்கினேன். கடித்ததைத்தான் பார்த்தேன். கன்று இருந்ததை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேலி போட்ட அன்று ராய்க்கா சாதி இடையர் ஒருவர் முப்பது நாற்பது ஆடுகளோடு வெளியே நின்றார். மார்வாரி மொழியில் என்னவோ சொன்னார். வனக்காவலர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: ஆடுகள்தான் இந்த மலையில் விதைக்கின்றனவாம், அவற்றை நிறுத்தினால் மலை நின்றுவிடுமாம். மேய்ச்சலுக்காக எப்படியெல்லாம் கதை கட்டுகிறார்கள் என்று நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தின்கிறதே எப்படி விதைக்கும், பல் விதையை அரைக்காதா என்று சண்டை போட்டேன். ஃபிராவ் வெபர் சண்டைக்கு வரவில்லை. சில விதை அரைபடும், சிலது வயிற்றுக்குள் போய் அமிலத்தில் தோல் இளகி, எருவோடு வெளியே வரும், வேண்டுமானால் பார்த்துவிடலாம் என்றார். கருவேல விதைக்கு அமிலம் போட்டு முளைக்க வைப்பது எங்கள் நிலையத்திலும் தெரிந்ததுதான். ஆனால் இத்தனை அரிய விதையை அமிலத்தில் போட யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்கு வந்ததா என்றால், எனக்கும் இல்லை.

"ஆசிட்டா? நம்ம லேப்ல கேன் கணக்குல இருக்குது. தோல்னா எங்கிட்ட விடுங்க. உள்ள போகாம மேல்தோலை மட்டும் எப்பிடி இளக்குறதுன்னுதானே அஞ்சு வருஷமா படிச்சிட்டிருக்கேன்" என்றார் யூனுஸ்.

இருபது விதைகளை அமிலத்தில் போட்டார். கையில் கடிகாரம். எனக்கு அந்தச் சில நிமிடங்கள் பிரசவ அறைக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது. முதலில் விஷவாயு, இப்போது கந்தக அமிலம். விரோதியின் விதையைக்கூட இப்படிப் படுத்த மாட்டார்கள். கழுவி எடுத்தபோது பளபளப்பு போய், பழைய பித்தளை மாதிரி மங்கியிருந்தன. அவற்றை ஒரு சட்டியிலும், அமிலம் படாத இருபதை இன்னொரு சட்டியிலும் ஃபிராவ் வெபர் விதைத்தார். மிச்சத்தை என்னிடம் தரவில்லை. "உங்கள் கையில் வேண்டாம்" என்றார். நியாயம்தான்.

அடுத்த நாட்களில் நான் அந்த ஹெர்பேரியத்தில் எத்தனையோ அரிய தாள்களைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவை கண்ணாடி வீட்டுக்கு ஓடினேன். வெறும் மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை டிராமில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஊர்க் கோடி பணிமனைவரை போய்விட்டேன். ஓட்டுநர் தன் வெண்ணெய் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். இந்த ஊரில் வழிதவறியவர்களுக்குச் சாப்பாடு நிச்சயம்.

எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. முளைக்காவிட்டால் செடி போயிற்று. முளைத்தால், மூன்று வருடமாக அதைக் கொன்றுகொண்டிருந்தவள் நான்.

திங்கட்கிழமை காலை ஹெர் லோமன்தான் வந்து சொன்னார். கோட்டுப் பொத்தான் போடாமல், வாசலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லையாம்.

அமிலம் பட்ட சட்டியில் பதினொரு முளைகள். கழுத்தை வளைத்துக்கொண்டு, சிலது இன்னும் விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு நின்றன. அமிலம் படாத சட்டியில் மண் அப்படியே இருந்தது. நான் அழுதேன். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. ஃபிராவ் வெபர் ஈரக் கையாலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதை ஆயிப்போச்சு, தம்பி" என்றேன்.

"ஏழு புதர் இன்னும் இருக்குதில்லக்கா? காய் இருக்குதா?"

இருந்தது. நான் பறித்தது மூன்று புதரில்தான், அதுவும் கொஞ்சம். மற்றவை இந்நேரம் முற்றித் தொங்கும். ஜூலையில் மழை. அதற்குள் ஆடுகள் தின்று மலையெல்லாம் போட்டுவிட்டால் இந்த வருடமே கன்று வரும். இந்த வருடத்தைத் தவறவிட்டால், இன்னொரு நல்ல மழை வருடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற ஏழும் அதுவரை நிற்குமா என்பதும் தெரியாது. கடிதம் போய்ச் சேர்ந்து, கோப்பில் ஏறி இறங்குவதற்குள் மழையே வந்துவிடும்.

தபால் நிலையத்துக்கு நடந்தோம், இல்லை, ஓடினோம். தந்திப் படிவத்தில் எங்கள் இயக்குநர் விலாசத்தை எழுதினேன். மலை வேலியை உடனே திறக்கவும், மழைக்கு முன் ஆடுகளை விடவும், விவரம் கடிதத்தில் என்று எழுதினேன். எனக்கு ஜெர்மனியில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் நினைப்பார், நினைக்கட்டும். படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளும்போது யூனுஸ் எட்டிப் பார்த்தார்.

"யாரோட ஆடுன்னு எழுதலியேக்கா?"

அந்தப் பக்கத்தில் மந்தை வைத்திருந்தவர் அந்த ராய்க்கா இடையர் ஒருவர்தான். வேலி போட்ட பிறகு எங்கேயோ போய்விட்டார் என்று வனக்காவலர் சொல்லியிருந்தார். ஆளை அனுப்பித் தேட வேண்டும். கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஏழு புதருக்கும் நான் எண் கொடுத்திருந்தேன். எது எந்தப் பாறைக்கு எத்தனை அடி கிழக்கே என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். கோப்பில் அந்த மனிதரைப் பற்றி என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: அத்துமீறி மேய்ப்பவர் ஒருவர்.

கவுண்டரில் இருந்த பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவரும் முனகவில்லை.

"பேர் தெரியாத ஒரு ஆளுக்குத் தந்தி குடுக்க முடியுமான்னு கேளுங்க, தம்பி" என்றேன்.

யூனுஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.